பென்சில் சிலுவை போட்ட முட்டை

உலகம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை முட்டையை அடைகாத்த ஒரே ஆண்பிள்ளை இந்த ஸ்தனிஸ்லாஸ்தான். சும்மா ஒப்புக்கு இல்லை. ஒரு பகல் முழுக்கக் கூடத்துக் கட்டிலில் மல்லாந்து படுத்து, பனியனுக்குள் ஒரு டஜன் நாட்டுக்கோழி முட்டையை வைத்து, மேலே இரண்டு கம்பளி போர்த்தி, இருமல் வந்தபோதுகூட அதை விழுங்கிவிட்டு அடைகாத்தேன். மத்தியானத்துக்கு மேல் என் உடம்பில் ஏறிய சூட்டில், கரண்டே இல்லாத மின்விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுச் சேவல் மதில்மேல் ஏறி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனது. அன்றிலிருந்து அது கூவுவதில்லை.

போன வாரம் மாதாந்திரப் பராமரிப்பு என்று எங்கள் காட்டூர்ப் பக்கம் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்தினார்களே, அன்று நடந்தது இது. குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டர் பெட்டி குளிர்ந்துவிட்டது. என் மருமகள் ஆஷ்லி முட்டைகளைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றாள். நான் பனியனைத் தூக்கினேன். அவ்வளவுதான்.

என் மனைவி லூர்துராணி அன்று பாலக்கரையில் தங்கச்சி வீட்டில் இருந்தாள். வந்ததும் சொன்னேன். முட்டை பக்கத்தில் கிடந்திருக்கும், நான் பக்கத்தில் தூங்கியிருப்பேன் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ராணியின் வழக்கம். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை எடுத்துக்கொள்வாள். பத்து கிலோ விரால் என்றால் ஐந்து கிலோ. கைலாசபுரம் தொழிற்சாலையில் நான் வெல்டிங் வைத்த பாய்லர் ஜப்பான்காரனை மயக்கம் போட வைத்தது என்றால், தும்மல் போட வைத்தது. இதில் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. அவள் தள்ளுவாள் என்று தெரிந்தே நான் இரண்டு மடங்காகச் சொல்வேன். சரியாகப் போய்விடும்.

ஆடி மாதம் முக்கொம்பிலிருந்து வந்து வாசலில் நின்று ஒரு விஷயம் சொன்னேன். அன்று மட்டும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. டோமினிக்கை ஆறு கொண்டுபோய்விட்டது என்றேன். அவள் வழக்கப்படி பாதியை எடுத்துக்கொண்டாள். கொண்டுபோனது என்றால் எங்கேயோ கொண்டுபோய் விட்டிருக்கும். அவ்வளவுதான் அவள் காதில் விழுந்தது.

டோமினிக் எங்கள் ஒரே பிள்ளை. துவாக்குடியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். தண்ணீர் திறந்துவிட்ட சமயம், நண்பர்களோடு கொள்ளிடம் பக்கம் குளிக்க இறங்கினான். இரண்டு பேர் கரையேறினார்கள். அவன் ஏறவில்லை. தீயணைப்புக்காரர்கள் ஸ்ரீரங்கத்தின் வடகரை நெடுக, அதற்குக் கீழேயும் படகு போட்டுத் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு உலையில் அவன் பங்கு அரிசியும் வேகிறது. இரவு அவன் வரவில்லை என்று ஆனதும் அந்தச் சோற்றை நான் சாப்பிட்டுவிடுகிறேன். ஆடியிலிருந்து இரண்டு ஆள் சாப்பாடு. என்னைத் தாங்கமாட்டாமல் கூடத்துக் கட்டில் இரண்டு அங்குலம் தரையில் இறங்கிவிட்டது என்று சொன்னால், ராணி ஒரு அங்குலமாவது ஒத்துக்கொள்வாள்.

அந்த இன்குபேட்டர் டோமினிக் செய்தது. தெர்மாகோல் மீன் பெட்டி, ஒரு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய சின்ன ஃபேன், சூடு ஏறினால் பல்பை அணைத்துப் போடுகிற ஒரு தெர்மோஸ்டாட், ஈரத்துக்கு ஒரு தட்டுத் தண்ணீர். மூடியில் கண்ணாடி. செய்து முடித்தான், முட்டை வைக்கவில்லை. மழை நாளில் வைக்கலாம் என்று பரண்மேல் ஏற்றினான். புரட்டாசிக் கடைசியில் மழை தொடங்கினதும் ஆஷ்லிதான் அதை இறக்கித் துடைத்தாள். நான் உப்பிலியபுரம் போய்க் கோழி வளர்க்கிற பிச்சமுத்துவிடம் முட்டை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

ஒரு வாரம் ஆனதும் ஆஷ்லி அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு முட்டைக்கும் அடியில் செல்போன் டார்ச்சைப் பிடித்தாள். முட்டைக்குள்ளே சிவப்பு நரம்பு ஓடுவது தெரிந்தது. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. ஒன்றில் மட்டும் நரம்பில்லை. ஒரு ரத்த வளையம், அதற்குள் ஒன்றுமில்லை. கரு பாதியில் நின்றுவிட்டது, இது கூமுட்டைதான், எடுத்துவிடலாம் என்றாள் ஆஷ்லி.

ராணி அவள் கையிலிருந்து முட்டையை வாங்கிக்கொண்டாள்.

"வெளிச்சத்துல தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?" என்றாள்.

திரும்ப உள்ளே வைத்தாள். அடையாளத்துக்குப் பென்சிலால் அதில் ஒரு சிலுவை போட்டாள். மற்ற முட்டைகளை ஆஷ்லி திருப்பிவிட்டாள். அதை மட்டும் ராணி திருப்பினாள். காலையில் ஜெபம் சொல்லும்போது ஒரு தடவை, ஸ்கூல் விட்டு ஆஷ்லி வருவதற்கு முன் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை. கூமுட்டைக்கு இவ்வளவு உபசாரம் எந்த ராஜா வீட்டிலும் நடந்திருக்காது.

இன்று கல்லறைத் திருநாள். இருபத்தோராம் நாளும் இன்றுதான்.

எங்கள் பங்குக் கோயிலின் சாயங்காலப் பூசை இன்று கல்லறைத் தோட்டத்தில் நடக்கும். இந்த வருஷம் இறந்தவர்களின் பெயரைச் சாமியார் முதலில் வாசிப்பார். பெயர் வாசிக்க வாசிக்க அந்தந்த வீட்டுக்காரர்கள் மெழுகுவத்தியோடு எழுந்து நிற்பார்கள். பூசை முடிந்ததும் ஊரே வந்து அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளும். கல்லறை இல்லாதவர்களுக்கு நடுவில் இருக்கிற பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவத்தி வைப்பார்கள். பெயர் வாசிக்காத வீட்டாரின் கையைப் பிடிக்க யாருக்கும் துணிச்சல் வராது. என்ன சொல்லிப் பிடிப்பது?

ராணி ஆடியிலிருந்து வாராவாரம் சனிக்கிழமை, காணாமல்போன மகன் நலமாகத் திரும்பி வர என்று பூசை ஒப்புக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஊரும் அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்கிறது.

காலையில், சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கிற கோயில்பிள்ளை அருள்ராஜ் எனக்குப் போன் செய்தார். நாலு மணி வரைக்கும் பெயர் சேர்க்கலாம், டோமினிக் பெயரைச் சேர்க்கவா என்று மெதுவாகக் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பேச்சுக்குப் பஞ்சமில்லாதவன் என்று பேரெடுத்தவனுக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

ஆஷ்லியிடம் கேட்டேன், நானே சொல்லிவிடவா என்று. அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"அத்தை வராம நான் மட்டும் எந்திரிச்சு நிக்கமாட்டேன் மாமா. பெத்தவங்க உக்காந்திருக்க, நான் நின்னா, நானே அவரைச் சாகடிச்ச மாதிரி இருக்கும்."

அவள் நர்சரி ஸ்கூல் டீச்சர். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான். தினமும் காலையில் ராணி அவளை உட்கார வைத்துத் தலையில் மல்லிகைப்பூ வைத்துவிடுகிறாள். அதை வேண்டாமென்று சொல்லவும் முடியாமல், வைத்துக்கொண்டு தெருவில் நடக்கவும் முடியாமல், அந்தப் பெண் முனை திரும்பினதும் பூவை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்கிறது. எனக்குத் தெரியும். ராணிக்குத் தெரியாது.

காபி குடித்துக்கொண்டிருந்தபோது பெட்டியிலிருந்து ஒரு சத்தம். மூன்று பேரும் குனிந்தோம். ஒரு முட்டையின் ஓட்டில் மிளகு அளவுக்கு உடைப்பு. உள்ளிருந்து கீச் என்று ஒரு குரல். தஞ்சாவூர் ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் அந்தச் சத்தம் கேட்டு ஓரம் கட்டியது என்று நான் சொல்வேன். ஆனால் அந்த நேரம் எனக்கு அப்படித்தான் கேட்டது.

கூடவே ஒரு வாடையும் வந்தது. மூடி ஓரத்தில், லேசாக.

எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. சிலுவை போட்ட முட்டையின் ஓட்டில் வியர்வை மாதிரி துளித்துளியாகக் கசிந்திருந்தது. கண்ணாடி வழியாகவே தெரிந்தது. ஆஷ்லி பொறுமையாகச் சொன்னாள். அது வெடித்தால் மற்ற முட்டை எல்லாவற்றின் மேலும் தெறிக்கும், ஓடு உடைத்த குஞ்சுக்கு மூச்சு முட்டும், இப்போதே எடுத்துவிடலாம் என்று.

குஞ்சு வெளியே வருகிற சமயத்தில் மூடியைத் திறந்தால் ஈரம் போய்விடும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று ஆஷ்லி சொல்லியிருக்கிறாளே, இப்போது அவளே திறக்கச் சொன்னால் எப்படி என்றாள் ராணி. மருமகள் சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்தே மருமகளை மடக்கிவிட்டாள். வேறொரு நாளாக இருந்தால் நான் கை தட்டியிருப்பேன்.

ஆஷ்லி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஸ்கூல்ல பிள்ளைங்க கேக்குதுங்க அத்தை. மிஸ், உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"வரலைன்னு சொல்லு. பொய்யில்லையே."

"எத்தனை நாளைக்கு அத்தை?"

ராணி கைலி ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். டோமினிக்கின் கைலி. வாராவாரம் துவைத்து மடித்து வைப்பாள்.

"அவருக்காக ஒரு மெழுகுவத்தி பிடிக்கணும் எனக்கு," என்றாள் ஆஷ்லி. குரல் உயரவில்லை. "அழணும். உங்க முன்னாடி அழுதா, அப்படி அழாதே, ஆகாதுன்னு வாயைப் பொத்துறீங்க. பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழறேன். டேங்க் காலியாயிடுது, மாமா மோட்டார் போடுறாங்க. திரும்ப அழறேன்."

எனக்கு இது தெரியாது. டேங்க் ஒழுகுகிறது என்று பிளம்பரை இரண்டு தடவை வரவழைத்தேன். அவனும் எங்கெங்கோ தட்டிப் பார்த்து, வாஷரை மாற்றிவிட்டுப் போனான்.

ராணி கைலியை பீரோவில் வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள். அரிசி களையும் சத்தம் கேட்டது. இன்றும் நாலு பேருக்குத்தான்.

ஆஷ்லி என் முகத்தைப் பார்த்தாள். நான் காந்தி மார்க்கெட் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என் அப்பா அம்மா கல்லறைக்குச் செவ்வந்தி வாங்க வேண்டும், மெழுகுவத்தி வாங்க வேண்டும். தூறலில் நனைந்துகொண்டே மார்க்கெட் முழுக்கச் சுற்றினேன். செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் மலை மலையாகக் குவித்திருந்தார்கள். மலைக்கோட்டையே இன்று பூவுக்குப் பின்னால் மறைந்திருந்தது. மெழுகுவத்தி கேட்டேன். எத்தனை பெட்டி என்றான் கடைக்காரன். ஒன்று என்றேன். பிறகு இரண்டு என்றேன். பிறகு ஒன்றே போதும் என்றேன். அவன் இரண்டாவது பெட்டியை எடுத்து, வைத்து, எடுத்து, கடைசியில் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று தள்ளி நின்றுகொண்டான். நான் இரண்டு பெட்டி எடுத்து வந்தேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது ராணி பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை. வாடை இப்போது கூடம் வரை வந்துவிட்டது. அவள் காதைத் தெர்மாகோலில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, காலையில நல்லா கத்துச்சு. இப்ப சத்தம் கம்மியாயிடுச்சு," என்றாள்.

நானும் காதை வைத்தேன். கீச் கேட்டது. ஆனால் நடுவில் ரொம்ப நேரம் விட்டுவிட்டுக் கேட்டது. உடைப்பு மிளகு அளவிலேயே நின்றிருந்தது. ஆஷ்லி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே வரவில்லை.

ராணி கொஞ்ச நேரம் அந்த மிளகையே பார்த்தாள். பிறகு என்னிடம் அகலப் பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவரச் சொன்னாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ராணி பிறந்த வீட்டில் கோழிகளுக்குக் குறைவில்லை. பொரிக்கிற நாளில் முட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால், உயிர் இருக்கிற முட்டை தானாக ஆடும். இல்லாதது சும்மா கிடக்கும். ஓடு உடைத்ததை மட்டும் விடக்கூடாது, தண்ணீர் உள்ளே போய்விடும். அவளுக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து, கைக்குழந்தை டோமினிக்கைக் குளிப்பாட்டும்போது பார்ப்பாளே, அது மாதிரி முழங்கையை விட்டுப் பார்த்தாள். மேலே ஓடின ஃபேனை நிறுத்தச் சொன்னாள். ஆஷ்லி வந்து நிறுத்தினாள். தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தோம்.

முதலில் ஓடு உடைக்காத வேறொரு முட்டையை எடுத்து விட்டாள். அது மிதந்தது. சும்மா இருந்தது. பிறகு ஒரு வெட்டு வெட்டியது. தண்ணீரில் வளையம் கிளம்பிப் பாத்திர ஓரத்தைத் தொட்டது. மறுபடி ஒரு வெட்டு. ஆஷ்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆடி மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

அதைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, ராணி சிலுவை போட்ட முட்டையை எடுத்தாள். இரண்டு கையாலும் எடுத்தாள். தண்ணீரில் விட்டாள்.

அது மற்றதைவிட உயரமாக மிதந்தது. சிலுவை மேலே பார்த்திருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தோம். வெளியே தூறல் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ பிள்ளைகளைக் கல்லறைக்குக் கிளம்பச் சொல்லி அவசரப்படுத்துவது கேட்டது. ராணி கண் இமைக்கவில்லை. தண்ணீர் ஆறிப்போயிருக்கும், அதனால்தான் என்று சொல்லி ஓரமாகக் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள். ஊற்றின வேகத்துக்கு முட்டை ஒருமுறை திரும்பியது. பிறகு நின்றுவிட்டது.

அப்போது ரோட்டில் ஒரு லாரி போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தண்ணீரில் மெல்லிய நடுக்கம் ஓடி, முட்டை லேசாக ஆடியது.

"அசைஞ்சுது ராணி," என்றேன். என் வாய் அது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. இத்தனை வருஷத்தில் அவள் என்னை அவ்வளவு பிரியமாகப் பார்த்ததில்லை.

"அது லாரிங்க," என்றாள்.

அதன் பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அவள் கையை விட்டு முட்டையை எடுத்தாள், முந்தானையில் ஈரம் போகத் துடைத்தாள், என் உள்ளங்கையில் வைத்தாள். கொல்லையில் புதைத்துவிட்டு வரச் சொன்னாள். சாக்கடையில் போட்டுவிடக் கூடாது என்றாள்.

முருங்கை மரத்தடியில் ஈர மண். மண்வெட்டி தேவைப்படவில்லை. என்னென்னவோ சொல்ல வந்தது, கேட்க ஆளில்லை. மூடிவிட்டு வந்து கை கழுவினேன்.

உள்ளே ஆஷ்லி பெட்டியின் தட்டுக்குப் புதுத் தண்ணீர் ஊற்றி மூடியை மூடியிருந்தாள். ஓடு உடைத்த முட்டையின் பக்கத்தில் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, கீச் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வந்ததா என்று சைகையில் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள். இன்னும் தெரியவில்லை.

ராணி என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். அருள்ராஜ் பெயரைத் தேடி அவளே அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட அவளுக்குத் தெரியாது, ஆனால் எப்படியோ விரல் பட்டு ஸ்பீக்கரில் போய்விட்டது. அருள்ராஜின் குரலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் மைக் செட் கட்டுகிற இரைச்சல் கேட்டது.

சனிக்கிழமைப் பூசைக்காகத்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் அவர். வழக்கம்போல மகன் நலமாகத் திரும்பி வரத்தானே என்று கேட்டார்.

"இல்லை தம்பி," என்றாள் ராணி. "இன்னைக்கு வாசிக்கிற பேரோட சேத்துக்கங்க. ஸ்தனிஸ்லாஸ் மகன் டோமினிக்."

அந்தப் பக்கம் அவர் மைக் செட்காரரை நிறுத்தச் சொன்னது கேட்டது. பிறகு அருள்ராஜ், எங்கேயிருந்தாவது தகவல் வந்ததா அம்மா, உறுதியாகிவிட்டதா என்று கேட்டார்.

ஆஷ்லி கண்ணாடியிலிருந்து கன்னத்தை எடுத்தாள். எழுந்து போய் ராணியின் பக்கத்தில் நின்றாள். ராணி ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தகவல் ஆடி மாசமே வந்துடுச்சு தம்பி," என்றாள். "டோமினிக் அப்பா வந்து வாசல்ல நின்னு சொன்னாங்க. அது நடந்ததுதான்."